நாமாவளி சால்வை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிக்குப் போய் வந்தவர்கள் கங்கைச் சொம்பு, கறுப்புக் கயிறு இவற்றோடு ஒரு காவிச் சால்வையையும் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். துணி முழுக்க ‘ராம ராம’ என்றோ ‘ஓம்’ என்றோ அச்சடித்திருக்கும். வாங்கிக்கொண்டவர்களில் பாதிப்பேர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எங்கே போடுவது, எப்படித் துவைப்பது, கால் பட்டால் பாவமா என்ற பயம்தான் காரணம். மார்கழி பஜனை தொடங்கினால் எங்கள் குழுவில் வருஷா வருஷம் இதே கேள்விகள் வரும். அதனால் எனக்குத் தெரிந்ததையும், எது சரி என்று நான் நினைப்பதையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன துணி? அதில் என்ன எழுதியிருக்கிறது?

தோளில் போட்டுக்கொள்கிற ஒரு சால்வை, அவ்வளவுதான். சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய அகலம் இருக்கும். வடக்கே ராம்நாமி என்பார்கள், வங்காளத்தில் நாமாவளி. இங்கே கடைகளில் ‘மந்திரச் சால்வை’ என்றோ ‘ஓம் துண்டு’ என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காசிச் சரக்கில் தேவநாகரி எழுத்தில் ராம நாமமோ ‘ஓம் நமசிவாய’வோ இருக்கும். வங்காளத்துச் சரக்கில் வங்க எழுத்தில் ஹரே கிருஷ்ண மகாமந்திரம், 16 நாமம், வரிவரியாக ஓடும். அதன் நடுவே பாதச் சுவடு, சங்கு, சக்கரம், தாமரை போன்ற அடையாளங்கள். சிவன் சால்வையில் திரிசூலமும் உடுக்கையும் வரும். காவி, மஞ்சள், வெள்ளை, இந்த மூன்று நிறம்தான் அதிகம், எழுத்து சிவப்பில் அல்லது அரக்கில்.

சிலர் மகாமந்திரத்தைப் பார்த்துவிட்டு “ஹரே ராம முதலில் வருகிறதே, அச்சுப் பிழையா?” என்று கேட்கிறார்கள். பிழை இல்லை. இந்த மந்திரம் வருகிற கலிசந்தரண உபநிஷத்தின் வழக்கமான பதிப்புகளில் ‘ஹரே ராம’ என்றுதான் தொடங்கும். வங்காளத்து வைணவ மகான் சைதன்யர் வழியில் வந்தவர்கள் ‘ஹரே கிருஷ்ண’ என்று தொடங்குவார்கள். இரண்டும் புழக்கத்தில் உள்ளவையே.

இது வடநாட்டு வழக்கம்தானே, நமக்கு எதற்கு?

சால்வையாகப் போடுவது அங்கிருந்து வந்த வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலூரில் இருந்துகொண்டு இதை அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி இருக்கிற தெருக்களில் நடந்து பாருங்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்து, மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும் வங்காள ருசியில், லாட்ஜ் வாசலில் வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள். அவர்களில் வயதானவர்கள் சிலர் நாமாவளியைப் போர்த்திக்கொண்டு, ரிப்போர்ட் வரும்வரை கையில் ஜபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பல பேர் இந்தத் துணியை முதல்முதலாகப் பார்த்ததே அங்கேதான்.

அப்புறம், துணியில் சாமி பெயரும் கதையும் எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதே இல்லை. காளஹஸ்தி 1911ல் சித்தூர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் வேலூரைப் போலவே வட ஆற்காட்டில்தான் இருந்தது. அந்த ஊர்க் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து, வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு மையால் ராமாயணம் முழுவதையும் கட்டம் கட்டமாக வரைந்து, கீழே தெலுங்கில் வரியும் எழுதிக் கோயிலுக்குத் தொங்கவிடக் கொடுத்தார்கள். அது தொங்கவிடுகிற துணி, இது போர்த்துகிற துணி. இன்னும் பக்கத்தில் பார்க்கவேண்டுமென்றால் ஸ்ரீராமஜெயம். நோட்டு நோட்டாக எழுதி, சீட்டுச் சீட்டாக நறுக்கி, மாலை கட்டி ஆஞ்சநேயருக்குச் சாத்துகிறோமே! எழுதிய நாமத்தை சாமிக்குப் போடுகிறவர்களுக்கு, எழுதிய நாமத்தைத் தாங்கள் போட்டுக்கொள்வது பிடிபடாத விஷயமா என்ன?

யார் போடலாம்? தீட்சை வாங்கியிருக்க வேண்டுமா?

யாரும் போடலாம். தீட்சை வேண்டாம், குலம் கோத்திரம் கேட்க வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நாமம் எழுதிய துணிக்கு சத்தீஸ்கரில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கோயிலுக்குள் விடப்படாத சாதியில் பிறந்த பரசுராம் என்பவரின் வழியில் ராம்நாமி என்ற சமூகமே உருவானது. கோயிலில் இடமில்லை என்றால் எங்கள் உடம்பே கோயில் என்று நெற்றியிலும் கையிலும், சிலர் உடம்பு முழுக்கவும் ராம நாமத்தைப் பச்சை குத்திக்கொண்டார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்தில் ‘ராம்’ என்று நிறைத்து எழுதிப் போர்த்திக்கொண்டார்கள், தலையில் மயில்பீலிக் கிரீடம். சிலையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், நாமம் மட்டும் போதும் என்றவர்கள். அவர்களில் வயதானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த வரலாறு தெரிந்த பிறகு ஒருவரைப் பார்த்து ‘நீ போடக்கூடாது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

பெண்கள் போடலாமா? மாதவிலக்கு நாட்களில்?

போடலாம். வங்காளத்திலும் பிருந்தாவனத்திலும் பெண்கள் காலங்காலமாகப் போடுகிறார்கள். மாதவிலக்கு நாட்களில் பூஜைப் பொருளைத் தொடாத வழக்கம் உங்கள் வீட்டில் இருந்து, அது உங்களுக்கும் ஒப்பினால் மூன்று நாள் எடுத்து வையுங்கள். வழக்கம் இல்லாத வீட்டில் இதற்கென்று புதிதாக ஒன்றை ஏற்படுத்த வேண்டாம். இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணிடம் போய் இதைக் கேட்பதும் சொல்வதும் யாருக்கும் வேலையில்லை.

கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

அதிகமாகக் குழம்புவது இதில்தான், ஏனென்றால் இரண்டு ஊர் மரியாதை இங்கே மோதுகிறது. வடக்கே சாமி முன்னால் மேலே போர்த்திக்கொள்வது மரியாதை. நம் பக்கம் ஆண்கள் சன்னதிக்கு வந்தால் தோளில் இருக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதுதான் மரியாதை. ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும், விரிஞ்சிபுரத்திலும், திருவலத்திலும் வயசானவர்களைக் கவனித்தால் தெரியும், கொடிமரம் தாண்டும்போதே கை தானாகத் துண்டுக்குப் போகும். நாமம் எழுதிய துணியை எப்படி இடுப்பில் கட்டுவது? இடுப்புக்குக் கீழே நாமம் வரக்கூடாது என்பது அந்தச் சால்வை போடுகிற எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்று. தோளிலேயே விட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணுக்கு அது பணிவில்லாமல் தெரிகிறது. குருக்கள் ஏதாவது சொன்னால் அப்போது நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நான் சொல்கிற வழி எளிது. கோயில் வாசல்வரை, பிரகாரம்வரை போட்டுக்கொள்ளுங்கள். சன்னதி வந்ததும் நான்காக மடித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ளுங்கள், அல்லது துணிப்பையில் வையுங்கள். இடுப்பில் கட்ட வெறும் துண்டு ஒன்று தனியாக இருக்கட்டும். கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள். அஷ்டாங்கமாக விழுந்தால் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் அந்த எழுத்து நசுங்கும். அதை எடுத்துக் கூட வந்தவர் கையில் கொடுத்துவிட்டு விழுவது ஒரு நிமிஷ வேலை.

சொல்லப்போனால் இந்தச் சால்வைக்கு இயல்பான இடம் வீட்டுப் பூஜையறையும் பஜனையும்தான். ஜபத்துக்கு உட்காரும்போது போர்த்திக்கொள்கிறோம், எழுந்ததும் மடித்து வைக்கிறோம். அதைத் தோளில் போட்டாலே உடம்புக்கு ‘இப்போது வேறு பேச்சு இல்லை’ என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அது.

எந்தத் துணியில் வாங்குவது?

பருத்தி. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர், கொஞ்சம் ரேயான். பாலியெஸ்டர் பளபளவென்று இருக்கும், சாயம் போகாது, விலையும் குறைவு. ஆனால் வேலூர் வெயிலுக்கு அது ஆகுமா? அக்கினி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுவது வாடிக்கை. அந்தச் சமயத்தில் பாலியெஸ்டரைப் போர்த்திக்கொண்டு ஜபமாலையை ஒரு சுற்று உருட்டி முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் நசநசவென்று ஆகி, மனசு நாமத்தில் நிற்காமல் மின்விசிறியைத் தேடும். அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. பூஜையறையில் விளக்கு எரிகிறது, கற்பூரம் காட்டுகிறோம், குனிந்து தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், அதனால் எந்தத் துணியானாலும் ஆரத்தி எடுப்பவர் சால்வை முனைகளைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் உருகி ஒட்டுகிற ஆபத்து பருத்தியில் இல்லை.

கடைக்காரர் ‘காட்டன்’ என்று சொன்னால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியெஸ்டரென்றால் சுருண்டு கெட்டியான சின்ன மணி மாதிரி நிற்கும். ரேயானும் காகித வாசனைதான் கொடுக்கும், ஆனால் ஈரமானால் அது வலுவிழந்துவிடும், பிழியும்போது கிழியும்.

அடுத்து அச்சு. துணியைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து மேல்பக்கம் மட்டும் பூசினாற்போல் கெட்டியாக இருந்தால் அது பிக்மென்ட் அச்சு, தேயத் தேய உதிரும். பின்பக்கமும் நன்றாகத் தெரிந்து, தொட்டால் துணியாகவே இருந்தால் சாயம் இழைக்குள் இறங்கியிருக்கிறது, அது அதிகம் உழைக்கும். பிறகு கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். காவி ஒட்டிக்கொண்டால் அந்தச் சால்வை உங்கள் வெள்ளை வேட்டியைக் காவி வேட்டியாக்கப் போகிறது என்று அர்த்தம்.

தமிழ் எழுத்தில் கிடைக்குமா? நாங்களே அச்சடித்துக்கொள்ளலாமா?

திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ‘ஓம் நமசிவாய’ சால்வை கிடைக்கும், கேட்டால் தமிழ் எழுத்திலும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் பஜனைக் குழுவாக இருபது முப்பது பேருக்கு வேண்டுமென்றால் நீங்களே அச்சடித்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். குடியாத்தம் தறி ஊர், நல்ல பருத்தித் துணி அங்கேயே கிடைக்கும். துணிப்பை அச்சடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் எந்த ஊரிலும் இருப்பார். புதுத் துணியை முதலில் ஒரு தடவை கஞ்சி போக அலசி உலர்த்திக் கொடுங்கள், அப்போதுதான் மை பிடிக்கும், பின்னால் சுருங்கவும் செய்யாது.

கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, எழுத்துப்பிழை. ‘ஓம்’ என்பது ‘ஒம்’ ஆகியிருக்கும், கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறி ‘ஹரே’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஸ்கிரீன் போடுவதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு படி எடுத்து, கணினியில் தட்டாத ஒருவர் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுத்து நிற்கும் திசை. சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டால் இரண்டு முனையும் மார்புப் பக்கம் தொங்கும். துணி முழுக்க ஒரே திசையில் அச்சடித்திருந்தால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் தொங்கும். நாமம் தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். இரண்டு முனைகளிலும் எழுத்து எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள், கூடுதல் வேலை ஒன்றும் இல்லை, பாதி முடிந்ததும் துணியை முனை மாற்றிப் போட்டு அதே பக்கத்தில் அடிப்பார்கள்.

மூன்றாவது, எங்கே அச்சடிப்பது. துணி முழுக்க நிறைக்க வேண்டாம், முனைகளிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, மார்புக்கு வருகிற இடத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். கடைசி ஒரு சாண் வெறுமையாக இருந்தால் உட்காரும்போது தரையில் புரள்வது வெறும் துணியாக இருக்கும். பாதச் சுவடு அச்சு வேண்டுமென்றால் அது தோளுக்கோ நெஞ்சுக்கோ வரட்டும், முதுகின் அடியில் வேண்டாம், சாய்ந்து உட்காருவோம்.

‘சக்தியூட்டிய’ சால்வை என்று அதிக விலைக்கு விற்கிறார்களே?

வாங்காதீர்கள். புதுச் சால்வையைச் சாமி படத்தின் முன் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். நாமத்துக்கு மேல் இன்னொரு சக்தியை விலைக்கு ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நாமத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கடன் தீரும், கல்யாணம் நடக்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்பதும் இதே வகைதான்.

எப்படித் துவைப்பது? தினமும் துவைக்க வேண்டுமா?

முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில். வாளியில் கொஞ்சம் சோப்புத் தூளைக் கரைத்து, சால்வையை அச்சுப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பத்து நிமிஷம் ஊறவைத்து அலசுங்கள். கல்லில் அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, ப்ளீச்சிங் கிட்டவே வரக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள், நம் ஊர் வெயில் ஒரு கோடைக்குள் காவியை வெளிறவைத்துவிடும். இஸ்திரி பின்பக்கத்தில்தான். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது என்று சில வீடுகளில் வழக்கம், நல்ல வழக்கம், ஆனால் சோப்புத் தண்ணீரை வேண்டாம், கடைசி அலசல் தண்ணீரை ஊற்றுங்கள்.

தினம் துவைப்பது மடியை, அதாவது பூஜைக்குப் பார்க்கிற ஆசாரச் சுத்தத்தை, பொறுத்தது. மடி பார்க்கிற வீட்டில் பருத்தியென்றால் நேற்று நனைத்து உலர்த்தியதைத்தான் இன்று கட்ட வேண்டும், பட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. தினமும் நனைத்தால் எந்த அச்சும் சீக்கிரம் மங்கும். அதனால் அவர்கள் மாற்றி மாற்றிப் போட இரண்டாக வைத்துக்கொள்ளலாம், அல்லது பட்டில் ஒன்று வாங்கலாம். மற்றவர்களுக்கு வியர்வை பட்டபோது துவைத்தால் போதும். வியர்வையோடு மடித்து வைத்தால் உப்புக் கறை மஞ்சளாகப் படிந்து அப்புறம் போகவே போகாது.

கிரிவலத்துக்கும் சோளிங்கருக்கும் போட்டுக்கொண்டு போகலாமா?

திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் வழியில் கழிப்பறைக்குப் போவோம், டீ குடிப்போம், கால் வலித்தால் ஓரமாக உட்காருவோம். ஒவ்வொரு தடவையும் எடுத்து மடித்து வைக்கப் பொறுமை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சின்னத் துணிப்பையில் மார்போடு தொங்கவிட்டுக்கொண்டு, லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிடும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சாப்பிடும்போதும் எடுத்துவிடுங்கள், எச்சில் கை படும்.

சோளிங்கரில் பெரிய மலை 1305 படி, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தோளோடு தோள் இடிக்கும், அப்புறம் குரங்குகள். தோளில் தொங்குகிற எதையும் அவை சும்மா விடாது. பையில் போட்டுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏறுங்கள், மேலே யோக நரசிம்மர் முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பைக். சால்வையைத் தோளில் போட்டபடி பைக்கின் பின்னால் உட்காரவே உட்காராதீர்கள். முனை பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும். சேலைக்கும் துப்பட்டாவுக்கும் சொல்கிற அதே எச்சரிக்கைதான், பக்தியோடு போட்டதால் சக்கரம் விலகிப்போகாது.

ஆஸ்பத்திரியில் இருக்கிற அப்பாவுக்குப் போர்த்தலாமா?

போர்த்தலாம், அவருக்கு அது ஆறுதல் என்றால் கட்டாயம் போர்த்துங்கள். துவைத்த சுத்தமான துணியாக இருக்கட்டும், நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் மடித்து வைப்பதைவிட தலைமாட்டிலோ நெஞ்சின் மேலோ வைப்பது நல்லது. புண்ணுக்கும் தையலுக்கும் மேலே படக் கூடாது. ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது, முக்கியமாக எம்ஆர்ஐ என்றால், கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஜரிகை ஓரத்திலும் தங்கநிற மினுமினுப்பு அச்சிலும் உலோகம் இருக்கக்கூடும், அது அந்த அறைக்குள் போகக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் துவைத்துவிட்டுப் பூஜையறையில் வையுங்கள்.

விழா மேடையில் பொன்னாடையாகப் போர்த்தலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் மேடையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு இருபது சால்வை விழும், போர்த்திய மறு நொடியே உதவியாளர் உருவிப் பின்னால் போடுவார், எல்லாம் சேர்ந்து நாற்காலிக்கு அடியிலும் கார் டிக்கியிலும் கிடக்கும். அதில் ராம நாமமும் பஞ்சாட்சரமும் மிதிபட வேண்டுமா? மரியாதை செய்ய வெறும் கைத்தறித் துண்டு போதும், நெசவாளிக்கும் நாலு காசு சேரும். நாமாவளியை ஜபம் செய்கிறவர் என்று தெரிந்தவருக்கு மட்டும், கையில் கொடுங்கள்.

மீந்த துணியில் பை, ரவிக்கை, குஷன் உறை தைக்கலாமா?

ஜபமாலைப் பை தைக்கலாம், புத்தக உறை தைக்கலாம். குஷன், கால்மிதி, லுங்கி, குழந்தைக்கு டிராயர், இதெல்லாம் கூடாது. ரவிக்கையைக் கேட்கிறார்கள். இடுப்புக்கு மேலேதான் என்றாலும் அதைக் கழற்றி அழுக்குக் கூடையில் மற்ற துணியோடு போடுவோம் இல்லையா, அதனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இறந்தவர் மேல் போர்த்துவது உண்டா?

உண்டு. வடக்கே பாடையின் மேல் ராம்நாமி போர்த்துவார்கள், வங்காளத்தில் நாமாவளி. இங்கே பங்காளியும் சம்பந்தியும் கோடி, அதாவது புதுத் துணி, போடுவதுதான் முறை, அந்த முறையை இது மாற்றாது. வாழ்நாளெல்லாம் போட்டு ஜபம் செய்தவர் என்றால் கோடி எல்லாம் போட்டு முடிந்ததும் அவருடைய சொந்தச் சால்வையை நெஞ்சுவரை போர்த்தி அதோடு அனுப்பிவைக்கலாம். சிலர் அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள், அதுவும் சரிதான், துவைத்துப் படத்தருகில் வைக்கலாம். இதில் வீட்டில் இருக்கிற மூத்தவர் சொல்வதைக் கேளுங்கள், அன்றைக்குச் சண்டை வேண்டாம்.

கிழிந்து பழசாகிவிட்டது, பாலாற்றில் விடலாமா?

பழைய பூஜைப் பொருளை ஓடுகிற தண்ணீரில் விடு என்பது பெரியவர்கள் வாக்கு. பாலாற்றில் தண்ணீர் ஓடினால் அல்லவா? வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான், அந்த மணலையும் அள்ளிவிட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி அந்த ஆறு பட்ட பாடு இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மழை வந்து ஓடுகிற நாட்களிலும் நீங்கள் விட்ட சால்வை கடலுக்குப் போய்ச் சேராது. சீமைக்கருவேல முள்ளில் மாட்டி, தண்ணீர் வடிந்ததும் ஆடு மாடு மிதிக்கிற இடத்தில் கிடக்கும். பாலத்துக்கு அடியில் நீங்களே பார்த்திருப்பீர்கள், சாமி படமும் காவித் துணியும் சேறும் ஒன்றாகக் கிடப்பதை. அது பாலியெஸ்டராக இருந்தால் பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். எதைக் காலில் படாமல் இத்தனை வருஷம் காப்பாற்றினோமோ அதைக் கடைசியில் கொண்டுபோய் மிதிபடப் போடுவது எப்படி மரியாதையாகும்? கோயில் மரத்தில் கட்டிவிட்டு வருவதும் இதே கதைதான், கோயில் குளமும் வேண்டாம்.

பருத்தியென்றால் வீட்டுத் தோட்டத்தில் துளசியோ வில்வமோ இருக்கிற இடத்தில், யாரும் நடக்காத மூலையாகப் பார்த்து ஒரு முழம் ஆழம் தோண்டிப் புதையுங்கள், மண்ணோடு மண்ணாகிவிடும். சாயம் அதிகமாக இருந்தால் சாப்பிடுகிற கீரைப் பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஊரில் சொந்த நிலம் இருந்தால் அங்கே போகும்போது செய்யலாம், அதுவரை மடித்துப் பரணில் இருக்கட்டும், பழசை வீட்டில் வைத்தால் ஆகாது என்பதெல்லாம் யாரோ கிளப்பியது. இன்னொரு வழி, நன்றாக இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி ராமாயணம், தேவாரம், திருப்புகழ்ப் புத்தகங்களைச் சுற்றி வைப்பது. ஏட்டுச் சுவடியைத் துணியில் சுற்றிக் காப்பாற்றிய ஜனங்கள்தானே நாம். பாலியெஸ்டர் சால்வைக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் மிச்சம், அதை எரித்தால் புகை நல்லதில்லை, புதைத்தாலும் மக்காது.

வீட்டில் ஒருவர் ராமர், ஒருவர் முருகர், ஒருவர் சிவன். ஒரே சால்வையை எல்லோரும் போடலாமா?

போடலாம், ஆனால் ஜபத் துணி ஆளுக்கொன்றாக இருப்பது சுகாதாரத்துக்கும் நல்லது. வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் போகிற முருக பக்தர்கள் ‘சரவணபவ’ அச்சடித்து வேல் போட்டுக்கொள்கிறார்கள், அழகாக இருக்கும்.

பேரக்குழந்தை சால்வை மேல் ஒன்றுக்குப் போய்விட்டது, பரிகாரம் உண்டா?

துவைத்து நிழலில் காயப்போடுங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள்.